பார்க்காமலே "பம்ப் போச்சு" என்று சொல்கிறவர்களே!

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி வரை ஹைட்ராலிக் வேலை, அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்குகிற மெஷின் வேலை, பார்க்கிறோம் என்று போர்டு மாட்டியிருக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் டூல்ஸ் பெட்டியில் ஆயில் அழுத்தத்தை அளக்கிற பிரஷர் கேஜ் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் ஒருவர்கூட அதை வெளியே எடுப்பதில்லை?

நானும் என் மச்சானும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் பாப்கேட் என்கிற சின்ன லோடர் வண்டி ஒன்றை எடுத்தோம். அரிசி ஆலைகளில் உமியும் சாம்பலும் அள்ளுகிற வேலை. பெரிய ஜேசிபி நுழைய முடியாத இடத்தில் இது நின்ற இடத்திலேயே திரும்பும் என்பதால் கிராக்கி உண்டு. ஆனால் வந்த நாளிலிருந்து பக்கெட்டைத் தாங்குகிற ஆர்மைத் தூக்கி நிறுத்தினால் நிற்காது, மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் ஓரளவு தூக்கும். ஆயில் சூடேறிவிட்டால் திணறும்.

முதலில் வந்தவர் பைக்கை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "பம்ப் போச்சு தம்பி, மாத்திடலாம்." வில்லியனூர் பக்கமிருந்து வந்த இன்னொருவரும் அதையேதான் சொன்னார். "இன்ஜினை ஆஃப் பண்ணின பிறகும் ஆர்ம் இறங்குதே அண்ணே, அப்ப பம்ப் சுத்தவே இல்லையே, அது எப்படிப் பம்ப் கோளாறாகும்?" என்று கேட்டேன். "நான் எத்தனை வருஷமா இந்த லைன்ல இருக்கேன் தெரியுமா?" என்கிறார். இருங்கள் ஐயா, நான் கேட்டதற்குப் பதில் எங்கே?

தூக்கி நிறுத்திய ஆர்ம் தானாக இறங்குகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆர்மைத் தூக்குகிற சிலிண்டருக்குள் ஆயில் ஒழுகாமல் அடைக்கிற பிஸ்டன் சீலையும், கண்ட்ரோல் வால்வுக்குள் ஆயிலைத் திருப்பிவிடுகிற ஸ்பூலையும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வித்தை ஒன்றும் தேவையில்லை. ஆர்மை முழுக்கத் தூக்கி, சப்போர்ட் கொடுத்து, இன்ஜினை அணைத்து, லைனில் இருக்கிற பிரஷரை இறக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து வெளியே நீளுகிற கம்பியான ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை மட்டும் அடைத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து தூக்குகிற பக்கம் லீவரைப் பிடித்தால் போதும். சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து ஆயில் வந்துகொண்டே இருந்தால் சீல் போயிருக்கிறது. வராவிட்டால் வால்வைப் பார். ஆயில் சூடாகி இளகினால் கிழிந்த சீல் வழியாக இன்னும் அதிகமாக ஒழுகும், அதனால்தான் மத்தியானம் திணறுகிறது. இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆனால் என்ன நடந்தது? நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மச்சானிடம் பேசி ஒரு ரீகண்டிஷன் பம்பை மாட்டிவிட்டார்கள். அதுவும் பழைய ஆயிலிலேயே! ஒரு வாரம் போகவில்லை, புதுப் பம்ப் ஊளையிட ஆரம்பித்தது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் மோர் மாதிரி வெளுத்துப் போய், மேலே நுரை. வெளுப்பு தண்ணீரால் வந்தது. நுரை காற்றால் வந்தது. டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் இழுக்கிற சக்‌ஷன் ஹோஸ் கிளாம்பை அவர்கள் சரியாக முறுக்கவே இல்லை. அந்தப் பக்கம் லூசாக இருந்தால் ஓடும்போது ஆயில் வெளியே சொட்டாது, பம்ப் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். மாட்டியவருக்கு இது தெரியாதா?

தண்ணீர் எப்படி வந்தது என்பதும் பிறகு தெரிந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர்ப் பக்கம் புகுந்தது. அந்த வெள்ளத்தில் இந்த வண்டி யார்டிலேயே மூழ்கி நின்றிருக்கிறது. பழைய ஓனருக்குத் தெரியும், புரோக்கருக்கும் தெரியும். ஆயிலை வடிக்கவில்லை, ஃபில்டரை மாற்றவில்லை. கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன், மடிப்பு மடிப்பாகக் கறுப்புச் சேறு. அது அப்படி அடைத்துக்கொண்டால் ஃபில்டரைச் சுற்றிப் போகிற பைபாஸ் வழி திறந்து அழுக்கு ஆயில் வடிகட்டாமலே சுற்றும். ஆனால் பெயிண்ட் மட்டும் பளபளவென்று அடித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பெயிண்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. லிஃப்ட் சிலிண்டர் ராடில் கை வைத்துப் பார்த்தேன், நகத்தில் வெள்ளித் துகள் ஒட்டியது. குரோம் அரித்துக் குழி விழுந்த ராடின் மேல் சில்வர் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்! ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் அது உரிந்து சீலுக்குள் போகிறது. கடற்காற்று அடிக்கிற ஊரில் ஆர்மை இறக்கி, ராடு உள்ளே போன நிலையில் வண்டியை நிறுத்தியிருந்தால் குரோம் தப்பித்திருக்கும். அந்த ஒரு நிமிட வேலையைக்கூடச் செய்யவில்லை.

இன்னொன்று. ஹோஸில் லீக் எங்கே என்று வெறும் கையால் தடவிப் பார்த்தான் அந்த மெக்கானிக்கின் உதவியாள் பையன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நான் கத்தி நிறுத்தினேன். 200 பார் அழுத்தத்தில் பொடி ஓட்டை வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் பொட்டு மட்டும்தான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். கைக்குப் பதில் ஒரு காகித அட்டையை நீட்டிப் பார் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சப்போர்ட் போடாமல் தூக்கிய ஆர்முக்கு அடியில் தலையை விடுகிறான். தானாக இறங்குகிற ஆர்ம் அது! பெற்றவர்கள் எந்த நம்பிக்கையில் அவனை இவரிடம் வேலைக்கு விட்டார்கள்?

கடைசியில் நாங்களே டேங்கைக் கழுவி, ஆயிலை மாற்றி, கிளாம்பை முறுக்கி, கேஜ் வாங்கிப் போட்டோம். பிரஷர், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே வந்தது. இடது சிலிண்டரில் சீல் கிழிந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ரீகண்டிஷன் பம்ப் மாட்டியவர் "ஸ்கிராப்" என்று எடுத்துப் போன பழைய பம்பைச் சண்டை போட்டு வாங்கி, சென்னையில் பம்பைச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது.

கேட்டால், "மாட்டின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்கிறார். எடுக்கத்தான் வேண்டும். பெஞ்ச் ரிப்போர்ட் என் கையில் இருக்கிறது. பணம் திரும்ப வருகிற வரைக்கும் தினமும் கடை வாசலில் வந்து கேட்பேன்.