ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களுக்கு

நம் கான்ட்ராக்டர் சங்கக் கூட்டத்தில், முடித்த வேலைக்குப் பாக்கிப் பணம் வரவில்லை என்று ஒரு தம்பி முறையிட்டான். "இனி பாக்கி எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப வந்து அழுதா எப்படி?" என்று அந்தத் தம்பியை ஒரு பெரியவர் கேட்டார். நான்கு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

ஃபைனல் பில்லுக்கு செக் வேண்டுமென்றால் முதலில் நோ கிளெய்ம் சர்டிபிகேட்டில், அதாவது இனி கேட்க எந்தப் பாக்கியும் இல்லை என்ற தாளில், கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை கொடுத்த அலுவலகமே ஒப்புக்கொண்ட பணமும் நிற்கும், டெபாசிட்டும் நிற்கும். இதற்குப் பெயர் சம்மதமா?

நானும் போட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் வேலை. எஸ்டிமேட்டில் அஸ்திவாரம் 3 அடி. தோண்டினால் கரிசல், 5 அடி போன பிறகுதான் கெட்டித் தரை. "போங்க, பில்லுல பாத்துக்கலாம்" என்றார்கள். செய்த வேலையின் அளவைக் குறிக்கும் எம் புக்கில் 3 அடிதான் ஏறியது. மண்ணுக்குள் போன 2 அடியை யாரிடம் தோண்டிக் காட்டுவது? தீபாவளிக்கு 4 நாள். கொத்தனாரும் சித்தாளுமாக 11 பேர் விடிந்ததிலிருந்து வீட்டு வாசலில். வீட்டுக்காரியின் செயின் அதற்கு முன்பே அடகுக்குப் போயிருந்தது. தாளை நீட்டினார்கள். படித்தேன், புரிந்தது, போட்டேன்.

"எழுத்தில் உத்தரவு வாங்காதது உன் தப்புதானே?" என்பீர்கள். சரி, தப்புதான். ஆனால் வெட்டிய குழி திறந்து கிடக்கிறது, மழை வருகிறது, கடிதம் வரும்வரை ஆட்களை உட்கார வைத்துக் கூலி கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

நான் சொன்னால் ஏறாது, உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். 2004-இல் என்டிபிசி என்ற மின் நிறுவனத்துக்கும் அதன் ஒப்பந்ததாரரான ரேஷ்மி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸுக்கும் நடந்த வழக்கில், பலம் உள்ளவரின் நெருக்குதலுக்கு ஒருவர் பணிந்துபோக நேரலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. அந்த ஒப்பந்ததாரர் இப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே, உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று தனியாக ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார். 2008-இல் போகாரா பாலிஃபேப் வழக்கிலும், வற்புறுத்தி வாங்கிய கையெழுத்தோடு கதை முடிந்துவிடாது என்றார்கள். வெறும் வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

"கேஸ் போட்டிருக்கலாமே?" போட்டிருக்கலாம், மூன்று வருடக் கெடுவுக்குள். ஆனால் அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில்தான். அதே மேஜை, அதே ஆள்.

"கான்ட்ராக்டர்கள் மட்டும் யோக்கியமா, தரம் இல்லாமல் கட்டுவதில்லையா?" கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் இந்தத் தம்பியின் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? வெளியாள் நம்மைத் திருடன் என்று சொன்னால் தாங்கிக்கொள்வேன், பழகிவிட்டது. சிரித்த நால்வரும் நம் தொழில். அதில் இரண்டு பேர் என் அப்பாவிடம் வேலை கற்றவர்கள். அவர்களுக்கும் அந்தத் தாள் வந்திருக்கும். அவர்களும் போட்டிருப்பார்கள்.

தம்பி, நீ கையெழுத்துப் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. எந்த நிலையில் போட்டாய், எவ்வளவு பாக்கி என்று எழுதி இன்றே பதிவுத் தபாலில் அனுப்பு. குழி போட்டோ, சிமென்ட் பில், சம்பள நோட்டு எதையும் தூக்கிப் போடாதே. எப்படி எழுதுவதென்று தெரியாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வா, உட்கார்ந்து எழுதுவோம்.