ஈபிஸி வந்தால் ஷேர்டு போடு?

லினக்ஸில் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுகிறவர்களிடம் ஒரு கைவைத்தியம் பரவியிருக்கிறது. ரீசெட் லைனை, அதாவது சிப்பின் ஒரு பகுதியை ஆரம்ப நிலைக்குத் தள்ளும் கம்பியை, கேட்கும்போது கர்னல் (இயங்குதளத்தின் மையம்) 'ஈபிஸி' (EBUSY, வேறொருவர் கையில் இருக்கிறது) என்று கைவிரிக்கிறதா? எக்ஸ்க்ளூசிவ் (எனக்கு மட்டும்) என்றிருப்பதை ஷேர்டு (பகிர்ந்துகொள்வோம்) ஆக்கு, பூட் ஆனால் பேட்சை (நிரல் திருத்தத்தை) அனுப்பு. இதை நான் திருத்தம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். எச்சரித்தவன் வாயை அடைப்பதுதான் இது.

லினக்ஸில் ரீசெட்டுக்கென்று தனிக் கட்டமைப்பு 2013இல், 3.10 பதிப்பில் வந்தது. ஒரு லைனை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அப்போது இல்லை. சிப் செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஆரஞ்சு பை போர்டுகளில் வரும் அல்வின்னர் எச்3 சிப்பையே பாருங்கள். ஒரே யூஎஸ்பி போர்ட்டுக்கு வேகமான சாதனங்களைக் கவனிக்க ஈஎச்சிஐ, பழைய மவுஸ், கீபோர்டு வகையறாவுக்கு ஓஎச்சிஐ என இரண்டு கன்ட்ரோலர்கள். ஒன்று ரீசெட்டில் கிடந்தால் மற்றது எழுந்திருக்காது. ஆகவே இரண்டு டிரைவருக்கும் இரண்டு லைனுமே வேண்டும். ஓஎச்சிஐ டிரைவரைக் கழற்றும்போது அது சமர்த்தாக லைனை அழுத்தி, அதாவது ரீசெட்டில் போட்டுவிட்டுப் போனால், ஈஎச்சிஐயில் ஓடிக்கொண்டிருக்கும் பென்டிரைவ் என்ன ஆகும்? ஷேர்டு ரீசெட் 2016இல் வந்தது இந்த மாதிரிச் சிக்கலுக்காகத்தான்.

உள்ளே நடப்பது எளிய எண்ணிக்கை. அசெர்ட் என்றால் லைனை அழுத்தச் சொல்வது, டீஅசெர்ட் என்றால் விடச் சொல்வது. டீஅசெர்ட் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், அசெர்ட் ஒன்றைக் குறைக்கும். முதல் டீஅசெர்ட்டில் லைன் நிஜமாகவே விடுபடும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் மறுபடி அழுத்தப்படும். இடையில் யார் அசெர்ட் கேட்டாலும் ஹார்டுவேர் அசையாது, ஆனால் அழைப்பு வெற்றி என்றே திரும்பும்.

ஷேர்டு ஆக்கியவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்த எண்ணிக்கை லைனுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. எக்ஸ்க்ளூசிவ் காலத்துப் பழக்கத்தில் ப்ரோபின் (டிரைவர் ஏறும்போது ஓடும் பகுதி) தொடக்கத்திலேயே அசெர்ட், பத்து மைக்ரோசெகண்ட் காத்திருப்பு, பிறகு டீஅசெர்ட் என்று எழுதியிருப்போம். அதை அப்படியே விட்டுவிட்டு ஷேர்டு என்று மட்டும் மாற்றினால், உங்கள் டிரைவர் முதலில் ஏறும்போது எண்ணிக்கை பூஜ்யம். கர்னல் வார்னிங் கொட்டி 'ஈஇன்வால்' (EINVAL, செல்லாத அழைப்பு) என்ற பிழையைத் தரும். திரும்பி வந்த மதிப்பைப் பார்க்கிற வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு? இரண்டாவதாக ஏறினால் இன்னும் மோசம். பக்கத்து டிரைவர் ஏற்றி வைத்த ஒன்றை நீங்கள் குறைத்துவிடுவீர்கள். லைன் அழுத்தப்படும், ஓடிக்கொண்டிருந்த அவன் சத்தமில்லாமல் சாவான். மூன்றாவதாக ஏறினால் ஒன்றுமே நடக்காது. ரிஜிஸ்டரில் (சாதனத்தின் அமைப்புகள் இருக்கும் இடம்) பழைய டிஎம்ஏ முகவரி (சாதனம் நேரடியாகத் தொடும் நினைவக இடம்) அப்படியே கிடக்க, எல்லாம் ஆரம்ப நிலையில் இருப்பதாக நம்பி வேலையைத் தொடங்குவீர்கள். ஏறும் வரிசையைப் பொறுத்து மூன்று விதமான பிழை. சோதனை மேசையில் ஒன்றுதான் தெரியும், மற்ற இரண்டும் வாடிக்கையாளர் கையில்தான் வெடிக்கும்.

ஷேர்டு என்று கேட்பது ஒரு வாக்குறுதி. 'நான் ரீசெட்டில் இல்லாமல் இருந்தால் போதும், நினைத்தபோது அழுத்த எனக்கு உரிமை வேண்டாம்' என்பது அதன் பொருள். அப்படியானால் ப்ரோபில் டீஅசெர்ட் மட்டும், ரிமூவில் (டிரைவரைக் கழற்றும்போது ஓடும் பகுதி) அசெர்ட் மட்டும். ரிஜிஸ்டர்களை ஒன்று விடாமல் நீங்களே எழுதுங்கள், சாதனம் தன்னை மட்டும் ரீசெட் செய்துகொள்ளச் சொந்தமாக சாஃப்ட் ரீசெட் பிட் இருந்தால் அதைத் தட்டுங்கள். பாதியில் தோற்கும் ப்ரோபையும் மறக்காதீர்கள். பிடித்ததை டிரைவர் விலகும்போது தானே விடுவிக்கும் பழைய டெவ்எம் (devm) அழைப்பு, லைனின் கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்குமே தவிர, நீங்கள் ஏற்றிய எண்ணிக்கையை இறக்காது. மற்றவர்கள் பிடித்திருக்கும்வரை அந்த உபரி ஒன்று அங்கேயே நிற்கும், அதுவரை லைன் அழுத்தப்படவே படாது.

இல்லை, ஹாங் ஆனால் நிஜமாகவே ரீசெட் அடித்தாக வேண்டும் என்கிற சாதனமா? அப்போது ஷேர்டு உங்களுக்கானது அல்ல. லைனை மேலே ஒரு பெற்றோர் டிரைவரிடம் எக்ஸ்க்ளூசிவாகக் கொடுங்கள். அது பிள்ளைகள் எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, அழுத்தி, பிறகு எழுப்பட்டும். வேலை கூடத்தான், மறுக்கவில்லை.

போர்டு வரைகிறவர்கள் ஒரு பின் மிச்சம் என்று லைனைப் பகிர்வதைத் தொடர்ந்து செய்யத்தான் போகிறார்கள். குவால்காம் போர்டுகளில் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர்கள் ரீசெட்டுக்கு ஒரே ஜிபிஐஓவை (சிப்பின் பொதுப் பயன்பாட்டுப் பின்) பகிர்ந்துகொண்டதால், அதையும் ரீசெட் கட்டமைப்புக்குள் கொண்டுவந்து எண்ண 2024இல் 6.9 பதிப்பில் தனி டிரைவரே சேர்க்க வேண்டியிருந்தது.