அந்த இலக்கம் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை
தம்பி, ஜெர்மனியிலிருந்து வந்த குழாய் அடைப்பு நீக்கிப் போத்தலில் ‘யூ.எப்.ஐ.’ (UFI) என்ற, கலவையை அடையாளம் காட்டும் இலக்கம் இருப்பதால் அது அரசாங்கம் சோதித்து ஆபத்தில்லை என்று கொடுத்த சான்று என எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறு. உடலுக்குத் தீங்கு செய்யும் அல்லது தீப்பற்றும் வகைக் கலவை என்பதால்தான் அதைப் போடுகிறார்கள். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று விற்பனைக்கு விட முன்னமே கம்பனி அந்தந்த ஐரோப்பிய நாட்டு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். யாராவது குடித்துவிட்டால் நஞ்சுத் தகவல் மையம் அந்த 16 எழுத்து இலக்கங்களை வைத்துக் கலவையைத் தேடிப் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு இது 2021 ஜனவரியில் தொடங்கியது. எங்கள் குசினியிலும் ஒன்று கிடக்கிறது, இலக்கத்துக்குப் பக்கத்திலேயே கையை அரிக்கிற படம்! மற்றது, அந்தத் தரவு போவது ஐரோப்பிய அமைப்புகளுக்கு. அதனால் யாழ்ப்பாணத்தில் ஏதும் நடந்தால் போத்தலையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சோடாப் போத்தலில் மட்டும் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள்.