தரிசு இல்லைங்க, அது கடலைக்காடு

அந்த டிரோன் வீடியோவை நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். சேலம் விமான நிலையத்தின் காமலாபுரம் ஓடுதளத்தை மேலிருந்து சுற்றிக் காட்டிவிட்டு, "சுத்தி எல்லாம் காடு, சும்மாதான் கிடக்கு, எடுத்து விரிவாக்க என்ன தயக்கம்?" என்கிறார் அந்தத் தம்பி. அங்கே நின்ற பெரியவர் "எங்க காடுங்க" என்று சொன்னதும் அதே வீடியோவில் இருக்கிறது. ஓமலூர்ப் பக்கம் காடு என்றால் புதர் இல்லை தம்பி. மானாவாரி நிலம். கடலைக்காடு, சோளக்காடு. சோறு போடுகிற இடம்.

சும்மா கிடந்தது எது என்று நானும் சொல்கிறேன். 1993-இல் திறந்த ஓடுதளம்தான் சும்மா கிடந்தது. கொஞ்ச நாளில் விமானம் நின்று, பிறகு 2009-இல்தான் வந்தது. 2011-இல் நின்றது. 2018-இல் வந்தது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் விமானமே வராத அத்தனை வருடமும் இந்தப் பக்கம் ஒரு பட்டம்கூடத் தவறாமல் விதைத்தோம். மழை ஏமாற்றிய வருடம் போட்ட விதை திரும்பவில்லை. அப்போதும் தரிசாக விடவில்லை.

2018-இல் விரிவாக்கத்துக்குச் சுமார் 570 ஏக்கர் என்று பேச்சு வந்தது. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்று ஊர் ஊராகத் தூக்கம் போனது. எங்கள் காட்டுக்கும் அளக்க வந்தார்கள். என் ஆயா, அதாவது பாட்டி, ஒன்றும் சண்டை போடவில்லை. ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயோடு நீட்டினார். "இதப் பாத்துட்டு எழுது கண்ணு" என்றார். பால் பிடிக்காத பிஞ்சுகள் வேரோடு வெள்ளையாகத் தொங்கின. வந்தவர் வாங்கவில்லை. ஆயா அந்தச் செடியைக் கையில் பிடித்தபடியே சாயந்தரம் வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். இன்று ஆயா இல்லை. அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

"வளர்ச்சிக்கு எதிரியா?" என்று கேட்பீர்கள். இல்லை. சேலத்துக்கு விமானம் வேண்டும். என் தம்பியே அதில்தான் சென்னை போய் வருகிறான். பெரிய ஜெட் இறங்க 1,800 மீட்டர் ஓடுதளம் போதாது என்பதும் தெரியும். அது நியாயமான பேச்சு, உட்கார்ந்து பேசலாம். ஆனால் அதற்காக எங்கள் பூமியைத் தரிசு என்று சொல்ல வேண்டுமா?

"பணம் தருவாங்களே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதே 2018-இல் எட்டு வழிச் சாலைக்கும் கல் நட்டார்கள். சேலத்திலிருந்து சென்னை வரை 277 கிலோமீட்டர். அப்போதும் இதே கேள்விதான். பணத்தை வாங்கிக்கொண்டு அறுபது வயதில் என் அப்பா எந்த ஊரில் போய்ப் புதுக் கிணறு வெட்டுவார்? எந்த மண்ணில் எப்போது ஈரம் நிற்கும் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு நாற்பது வருடம் ஆனது. அவருக்கு வேறு வேலை தெரியாது. தெரியாதது குற்றமும் இல்லை.

தம்பி, உங்கள் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் வாங்க. நாளைக்கு எங்கள் காட்டில் கடலைக்கு மண் அணைக்கிறோம், காலை ஆறு மணிக்கே ஆள் இறங்கிவிடும். டிரோனை வண்டியிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். அப்புறம் வீடியோ போடுங்கள்.