உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால்?

"இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?" என்று, அதாவது தேவன் தன்னை மீட்டுக்கொண்டார் என்ற உறுதி இருக்கிறதா என்று, ஒருவர் கேட்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற அடுத்த கேள்விதான் பிரச்சினை: "உள்ளுக்குள்ளே தேவ பிரசன்னத்தை உணர்றீங்களா?" மட்டக்களப்பில் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு ஜெபக்கூட்டம் இருக்கும். அங்கே பல இடங்களில் இந்த இரண்டு கேள்வியும் ஒன்றாகிவிட்டது. உணர்ந்தால் நிச்சயம் உண்டு. உணராவிட்டால் எங்கேயோ பாவம் ஒளிந்திருக்கிறது.

கல்லடியில் ஒரு வீட்டுக் கூட்டம். விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள், மூலையில் கீபோட். ஊழியக்காரர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "அனல் இறங்குறதை உணர்றவங்க கையை உயர்த்துங்க" என்றார். முன்வரிசையில் தொடங்கிக் கைகள் எழும்பின. (நான் கண்ணை மூடவில்லை, அது வேறு கதை.) பக்கத்தில் இருந்த மாமியின் இரண்டு கையும் மடியில் இருந்த வேதாகமத்தின் மேலேயே இருந்தன. தேத்தண்ணி கொடுக்கும் நேரம் ஊழியக்காரர் அவரிடம் வந்து, "ஏன் அம்மா, விசுவாசக் குறைவா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியல்ல தம்பி. பொய்க்குக் கை தூக்கச் சொல்றீங்களா?"

சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர் அவர். அதற்குப் பிறகும் ஞாயிறு ஆராதனையை விட்டவர் இல்லை. இவருக்கா விசுவாசக் குறைவு?

இந்த ஊரில் நிச்சயத்தைப் பற்றிப் பேசினால் மெதடிஸ்தக்காரர் தங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைச் சொல்லாமல் விடமாட்டார்கள். சொல்லட்டும், 1814இலேயே மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அந்தச் செய்தியோடு இங்கே வந்து, ஒரு வருடம் நிறையும் முன்னரே இங்கேயே இறந்தும் போனார். ஆனால் நமக்குச் சொல்லப்படுவது பாதிக் கதைதான். 1738 மே 24 அன்று லண்டனில் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டது என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடும். அடுத்த ஜனவரியில் அதே மனிதர், தான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்று தன் நாட்குறிப்பில் எழுதியதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. தேவன் தன்னை ஏற்றுக்கொண்டார் என்ற உணர்வு இருந்தால்தான் விசுவாசம் மெய்யானது என்று தான் பல வருடங்களாக நினைப்பதில்லை என 1768இல் ஒரு கடிதத்திலும் எழுதினார். அனலைக் கண்டவரே அதை அளவுகோலாக வைக்கவில்லை.

கத்தோலிக்கர் வேறு பாதை. தேவன் தனிப்பட வெளிப்படுத்தினாலன்றி ஒருவர் தன் நிலையைப் பற்றி முழு நிச்சயம் கொள்ள முடியாது என்று அவர்களுடைய ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547இலேயே சொல்லிவிட்டது. தாண்டவன்வெளியில் இருக்கும் என் நண்பர் இதைக் கேட்டால், "நம்பிக்கை இருக்கு, மிச்சத்தை அவர் பார்ப்பார்" என்பார். எனக்கு அதோடு முழு உடன்பாடு இல்லை. நித்திய ஜீவன் உண்டென்று நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுவதாக யோவான் தன் முதலாம் நிருபத்தில் சொல்கிறார். அறியலாம். ஆனால் அதே நிருபத்தில்தான், நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் அந்த இருதயத்தைவிடப் பெரியவர் என்றும் சொல்கிறார். அப்படியானால் நிச்சயம் நிற்பது அவர் சொன்ன சொல்லின்மேல். என் நெஞ்சு இன்றைக்குச் சூடா குளிரா என்பதன்மேல் அல்ல.

சரி, உணர்வே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஆவியானவர் நம் ஆவியோடு சாட்சி கொடுக்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஜெபத்தில் அழுகிறவரைப் பார்த்து "கீபோட் செய்யிற வேலை" என்று சிரிக்கிற பழைய சபைக்காரரும் எனக்கு ஏலாதவர்கள்தான். கிடைத்தவர் நன்றி சொல்லட்டும். கிடைக்காதவரிடம் கணக்குக் கேட்க யாருக்கு உரிமை?

2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று பிள்ளைகளை இழந்த பெற்றோர் இதே ஊரில் நம்மோடு சந்தைக்கு வருகிறார்கள், ஆராதனைக்கு வருகிறார்கள். அவர்களையும் அந்தக் கதிரையில் இருத்திவைத்துக் கை தூக்கச் சொல்வீர்களா?

ஊழியக்காரரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் சங்கீதம் 88ஐ முழுதாக வாசியுங்கள். சிநேகிதரும் தூரமாய்ப் போனார்கள், அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்பதோடு அது முடிந்துவிடும், ஆறுதல் வசனம் ஒன்றும் வராது. வாசித்த கையோடு அவசரமாக அல்லேலூயா சொல்லி அதை மூடிவிடாதீர்கள். கீபோட்காரரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.