நான் அருள்மொழியா, அருருமோஜியா?

இந்த மாத உதவித்தொகை வரவில்லை. பல்கலைக்கழகம் அனுப்பிவிட்டது. வங்கி அதை அப்படியே திருப்பிவிட்டது. பெயர் பொருந்தவில்லையாம்! வாடகை கட்ட வேண்டிய நாளில் இதைக் கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

ஜப்பானில் வங்கிக்கு வங்கி பணம் போவது கதகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் இருக்கும் பெயரை வைத்துத்தான். கணக்கு திறந்த அன்று கவுன்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து 'அருருமோஜி' என்று எழுதிக்கொண்டார். பல்கலைக்கழக அலுவலகத்தில் நான் 'அருருமோரி'. கதகானாவில் ழகரம் இல்லை, அதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. எதையாவது ஒன்றை எல்லோரும் சேர்ந்து எழுதித் தொலைக்கலாமே!

வங்கியில் மாற்றச் சொன்னால், அந்த உச்சரிப்புக்கு அரசாங்கச் சான்று கொண்டு வா என்கிறார்கள். என்னிடம் இருப்பது விமான நிலையத்தில் கொடுத்த ஸைரியூ கார்டு, அதாவது வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டை. அதில் பெயர் ரோமன் எழுத்தில் மட்டும்தான். கதகானா கிடையாது. பல்கலைக்கழகத்தில் கேட்டால், முதலில் வங்கியில் சரிசெய்யுங்கள் என்று ஒரு கும்பிடு. வங்கியில் இன்னும் ஆழமான கும்பிடு. இவ்வளவு மரியாதையாக அலைக்கழிப்பதால் கத்தவும் முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை.

இத்தனைக்கும் 2025 மே 26 முதல் ஜப்பானியர்களின் குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் சட்டப்படி பதிகிறார்கள். சொந்த மக்களுக்கே அது தேவை என்று தெரிந்திருக்கிறது. நாமோ அந்தப் பதிவேட்டிலேயே இல்லை.

அப்புறம் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பல் வலி என்று போனால் 'திருநாவுக்கரசு-சான்!' என்று கூப்பிடுகிறார்கள். அப்பா திருவாரூரில் இருக்கிறார், அவருக்குப் பல் நன்றாகவே இருக்கிறது. சிலருக்கு இனிஷியல் மட்டும்தான், பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. படிவமோ காலியாக விட்டால் நகராது.

ஆன்லைன் படிவத்தைப் பற்றிப் பேசினால் ரத்தம் கொதிக்கிறது. ஜப்பானியக் கணினியில் ஒரே எழுத்தை அகலமாகவும் அடிக்கலாம், அதில் பாதி அகலத்திலும் அடிக்கலாம். பெயர் ஸென்காகு, அதாவது முழு அகல எழுத்தில் வேண்டும். தொலைபேசி எண் அரை அகலத்தில். முகவரியில் வரும் எண் மறுபடியும் முழு அகலம். எதை எப்படி அடித்தாலும் சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். திருத்திவிட்டு அழுத்தினால், 'நேரம் கடந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும்.' அரை அகலத்தை முழு அகலமாக மாற்றுவது கணினிக்கு ஒரு நொடி வேலை. அதை ஏன் ஐயா என் தலையில் கட்டுகிறீர்கள்?

ஸைரியூ கார்டில் ரோமன் எழுத்துக்குக் கீழே ஒரு வரி கதகானா அச்சிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எல்லா அலுவலகமும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இதற்கு ராக்கெட் விட வேண்டியதில்லை. அதுவரைக்கும் வாடகை கேட்கிறவரிடம் பணம் அருருமோஜிக்கும் அருருமோரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்றா சொல்வேன்?