கணக்குப் படித்தவர்களுக்கு மொழியிலும் மரபணுவிலும் வேலை இருக்கிறது

சேலம் பக்கம் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கும் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் வழிகள் பி.எட்., டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, ஐடி. எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் டேண்டி வார்னோ என்பவர் போன பாதையும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். 1991இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூஜின் லாலரிடம் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்.

அவர் எடுத்த கணக்கு இது: உயிரினங்களின் பண்புகளை அட்டவணையாகக் கொடுத்தால், ஒவ்வொரு பண்பு நிலையும் (ஒரு பண்பு எடுக்கும் ஒவ்வொரு வடிவமும்) ஒரே ஒரு முறைதான் தோன்றியது என்று கொண்டு வம்சாவளி மரம் வரைய முடியுமா? ஒவ்வொரு மரமாகப் போட்டுப் பார்ப்பது நடக்காது. வேர் (மூதாதை எந்த இடத்தில் என்று) குறிக்காத மரங்கள் 10 இனங்களுக்கே 20,27,025. 20 இனங்களுக்கு 21 இலக்க எண். பொதுவாக இது என்பி-முழுமை வகைக் கணக்கு, அதாவது எல்லாத் தரவுக்கும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத கணக்கு என்று போட்லெண்டர், ஃபெல்லோஸ் இருவருடன் சேர்ந்து 1992இல் நிறுவினார். பண்பின் நிலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் வேகமான தீர்வு உண்டு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் டான் ரிஞ்சுக்கும், மொழிகளின் வம்சாவளி மரம் வரைய, இதே கணக்குதான் தேவைப்பட்டது. மொழியியலாளர் ஆன் டெய்லரும் சேர, 24 இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கு மரம் போட்டு 2002இல் வெளியிட்டார்கள். ஜெர்மானியக் கிளை ஒழுங்காகப் பொருந்தவில்லை. அதைப் பூசி மெழுகாமல், பக்கத்து மொழிகளோடு பழகியதால் வந்த சிக்கல் என்று எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான்.

நம் மொழிகளிலேயே போட்டுப் பாருங்கள். தமிழ், மலையாளம், தெலுங்கில் செவி. கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. அடுத்து வீடு: தமிழ், மலையாளத்தில் வீடு, கன்னடத்தில் மனெ, தெலுங்கிலும் துளுவிலும் இல்லு. முதல் இலக்கம் செவிக்கு: சகரம் இருந்தால் 1, ககரம் இருந்தால் 0. இரண்டாவது வீட்டுக்கு: இல்லு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. தமிழ், மலையாளம் 10, கன்னடம் 00, தெலுங்கு 11, துளு 01. நான்கு சேர்க்கையும் வந்துவிட்டால் ஏதோ ஒரு நிலை இரண்டு முறை தோன்றியிருக்க வேண்டும், அதனால் இரண்டு பண்பும் ஒரே மரத்தில் உட்காராது.

முதல் தப்பு குறியீட்டில். ‘இல்லு இல்லை’ என்று வீட்டையும் மனெயையும் ஒரே கட்டத்தில் போட்டது தவறு. அவை வேறு வேறு சொற்கள். மூன்று நிலையாக எழுதினால் மோதல் மறைந்துவிடும். ஆனால் அப்போது வரும் மரம் கன்னடத்தையும் துளுவையும் ஒரு பக்கம் தள்ளி, தெலுங்கைத் தமிழோடு ஒட்டவைக்கும். அதுவும் பிழை. இ, எ முன்னால் ககரம் சகரமாவது உலகத்தில் பல மொழிகளில் தனித்தனியாக நடக்கும் மாற்றம். தமிழிலும் தெலுங்கிலும் அப்படித்தான் நடந்தது. அந்தப் பண்பையே நீக்க வேண்டும். இல்லு இரண்டு மொழியில் இருப்பதும் உறவுக்குச் சாட்சி ஆகாது. சங்கத் தமிழிலேயே இல் இருக்கிறதே! பழையதை வைத்திருப்பது வேறு, சேர்ந்து புதிதாக மாறியது வேறு. இதையெல்லாம் கணினி சொல்லாது, மொழி தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

சேலத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இங்கே தறி ஓடும் தெருக்களில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் கேட்கும். தலைமுறை தலைமுறையாகத் தமிழோடு புழங்கிய மொழிகள். 100 சொல் பட்டியல் எடுத்தால் கடன் சொல் கட்டாயம் கலந்து வரும். அதை அடையாளம் வைக்காமல் நிரலில் போட்டால், அக்கம்பக்கத்தில் குடியிருப்பதெல்லாம் ரத்த உறவாகத் தெரியும்.

உயிரியலிலும் தரவுதான் முதல் சண்டை. ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. ஆர்க்கிட் இலைகளிலிருந்து மேட்-கே, ஆர்பிசி-எல் என்ற இரண்டு மரபணுத் துண்டுகளைப் படித்தாலும், அவற்றின் டிஎன்ஏ எழுத்து வரிசைகளை எழுத்துக்கு எழுத்து நேராக நிறுத்தாமல் மரம் போட முடியாது. நிறுத்துவதில் பிசகினால் மரமும் பிசகும். இதற்குத்தான் வார்னோ குழு சாட்டே, பாஸ்டா என்ற நிரல்களை எழுதியது: மரத்தை வைத்து வரிசையைத் திருத்து, வரிசையை வைத்து மரத்தைத் திருத்து, திரும்பச் செய். மரபணுவுக்கு மரபணு மரம் மாறினால் இனத்தின் மரத்தைக் கண்டுபிடிக்க ஆஸ்ட்ரல் என்ற நிரல்.

பெரியார் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. எம்.எஸ்சி. ஆய்வுத்திட்டத்துக்கு இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டி போடுவதற்கு எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை. மாணவருக்கு வேண்டியது கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம்), நிகழ்தகவு, ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழி. ஐந்து மொழி, 100 சொல்லோடு ஆரம்பிக்கலாம். அட்டவணையில் மொழிக்கு ஒரு வரி, சொல்லுக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி. அதன் பக்கத்திலேயே கடனா, பழையதா, புதிதா என்று எழுத இன்னொரு பத்தி. அந்த இரண்டாவது பத்தியைத் தமிழ்த் துறை வழிகாட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நிரலை ஓட்ட வேண்டும்.